பச்சமுத்து காப்பாற்றாத கன்று

பச்சமுத்துவின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி. அவனுடைய கவனக்குறைவால் ஒரு கன்றுக்குட்டி வெயிலில் செத்துப்போனது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். அப்படி ஒரு கன்று இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. பிறக்காத கன்றை எப்படிச் சாகடிப்பது என்று கேட்பீர்கள். சர்க்கார் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

என் பெயர் நேமிநாதன். செஞ்சியில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன்; எனக்கு பென்ஷன் வேண்டும். நாங்கள் சமணக் குடும்பம்; ஊரில் எங்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்ந்தால் வீட்டில் இலை போட மாட்டார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட நம்மால் சாகக் கூடாது என்பதற்காக. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளையான நான்தான் அந்தக் கன்றைக் கொன்றேன்.

பச்சமுத்து எங்கள் ஆபீஸ் பியூன். அறுபத்து மூன்றாம் வருஷத்தில் அவனுக்கு முப்பத்தைந்து வயது. பதினோரு வருஷமாக டெம்பரவரி. டெம்பரவரியிலேயே கல்யாணம் ஆகி, டெம்பரவரியிலேயே மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன. பர்மனென்ட் ஆனவனை வெளியே அனுப்ப ஆயிரம் தாள் எழுத வேண்டும். டெம்பரவரிக்காரனுக்கு 'நாளையிலிருந்து வராதே' என்று வாயால் சொன்னால் போதும். அவன் பெண்சாதி காத்தாயி ஒவ்வொரு சாயங்காலமும் அவன் படலைத் திறக்கும்போதே முகத்தைத்தான் பார்ப்பாள், அந்த வார்த்தை வந்துவிட்டதா என்று. அந்த வருஷம்தான் அவனைப் பர்மனென்ட் ஆக்கும் பைல் ஒருவழியாக எழுந்து நடந்து ஆபீசர் மேசை வரை வந்திருந்தது.

செஞ்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையும் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம் மேல் ஏப்பம் விடும். ஆகவே பங்குனி பிறந்தால் ஆபீசர் அறையின் மேற்கு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவோம். அரைமணிக்கு ஒருதரம் அதில் தண்ணீர் அடிக்க வேண்டும். மேல்காற்று அதன் வழியாக வந்து ஆபீசரின் மண்டையைக் குளிர வைக்கும். தண்ணீர் அடிப்பது பச்சமுத்துவின் வேலை. பதினோரு கோடையில் ஏழு ஆபீசர்களைக் குளிர வைத்திருக்கிறான். தட்டி சொட்டச் சொட்ட இருக்க வேண்டும், ஆனால் காற்று அடைபடக் கூடாது, ஈரம் மட்டும் இருந்து காற்று இல்லாவிட்டால் அறை புழுங்கிவிடும் என்பதெல்லாம் அவனுக்குக் கை பழக்கம்.

ஏழாவது ஆபீசர்தான் கதைக்கு வேண்டியவர். நல்ல மனிதர்தான், பாவம். கெட்ட சேதியை மட்டும் அவர் காது தாங்காது. சேதி சொன்னவனைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார். சித்திரையில் செஞ்சியிலேயே தண்ணீர் கிடையாது. இதைவிடத் தண்ணியில்லாத காடு எதுவாக இருக்கும் என்று யோசித்து நாங்கள் இன்னும் அதிகமாகப் பயந்தோம். அதனால் அவர் காலத்தில் எங்கள் ஆபீசில் எந்தக் கெட்டதும் நடக்கவில்லை. ரிக்கார்டைப் பார்த்தால் தெரியும்.

அவருக்கு ஒரு நாய் இருந்தது. சடை சடையாக வெள்ளை மயிர், பனி பெய்கிற ஊருக்கென்று பிறந்த சாதி. விண்வெளிக்குப் போன ருஷ்ய நாயின் பெயரையே வைத்து லைக்கா என்று கூப்பிட்டார்கள். அந்த ருஷ்ய நாயும் மேலே போய்ச் சூடு தாங்காமல்தான் செத்ததாம். ரொம்ப வருஷம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். ஆபீசரின் சம்சாரத்துக்கு, நாங்கள் அம்மாள் என்போம், லைக்கா என்றால் உயிர். தெரு நாய்களின் பார்வை அதன்மேல் படக் கூடாது என்பது அம்மாளின் உத்தரவு. ஆகவே லைக்கா ஜீப்பில் போகும்போதெல்லாம் நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிடுவார்கள். பச்சமுத்துவுக்கு அந்த நாயைக் கண்டாலே எரிச்சல். அது குடிக்கிற பாலை என் கடைசிப் பொண்ணு குடிச்சா பேர் சொல்லி நிப்பா என்று என்னிடம் முணுமுணுப்பான்.

மே பதினாலு, அக்னி நட்சத்திரம். ஆபீசர் காலையில் அவலூர்பேட்டைக்கு லைக்காவோடு ஜீப்பில் போய்விட்டுப் பதினொன்றரைக்குத் திரும்பினார். அன்றைக்கு ஹாலில் மீட்டிங். கோடை வெப்பத்திலிருந்து கால்நடைகளைக் காப்பது எப்படி என்பது பொருள். மாட்டு டாக்டர் வந்திருந்தார். மீட்டிங்கை ஒட்டி வெளியே புளியமரத்தடியில் ஒரு கால்நடை முகாம். கம்பவுண்டர் தனகோட்டி மருந்துப் பெட்டியும் ரிஜிஸ்டருமாக உட்கார்ந்திருந்தார். ஆபீசர் ஜீப்பை விட்டு இறங்கி நேராக ஹாலுக்குள் போனார். டிரைவர் மஜீத் இறங்கி டீக்கடைக்குப் போனார். லைக்காவை ஆபீசர் இறக்கியிருப்பார் என்று மஜீத் நினைத்தார், மஜீத் இறக்குவார் என்று ஆபீசர் நினைத்தார். ஜீப் வெட்டவெளியில் நின்றது, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியபடி.

ஒரு மணிக்கு ஆபீசரின் டிபன் கேரியரை எடுக்கப் பச்சமுத்து போனான். தார்ப்பாயை அவிழ்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு என்னைக் கூப்பிட்டான். நான் போய்ப் பார்த்தேன். லைக்கா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கியது, ஈறு செங்கல் நிறம், வாயில் பசை மாதிரி நுரை. தையல் மிஷின் மாதிரி மூச்சு ஓடியது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

"செத்தேன் நயினாரே" என்றான் பச்சமுத்து. நாய் சாகிறது என்று அவன் சொல்லவில்லை. பைல் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கும் நாளில் அம்மாளின் நாய் செத்தால், அதற்குக் காரணமாக டெம்பரவரிக்காரனைத் தவிர வேறு யார் கிடைப்பார்கள்?

அதற்குள் மஜீத் ஓடி வந்தார். நவாபு காலத்திலிருந்து செஞ்சியில் இருக்கிற குடும்பம், தைரியசாலிதான். நுரையைப் பார்த்ததும் பத்தடி பின்னால் போய், இது வெறி, கிட்டப் போகாதீங்க என்றார். எங்கள் ஊரில் வெறியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நாயின் முன்னால் தண்ணீரை வைக்க வேண்டும், குடிக்காவிட்டால் வெறி. மஜீத் ஒரு தட்டில் தண்ணீரைக் கம்பால் தள்ளி வைத்தார். தலையைத் தூக்கக் கூட முடியாத நாய் எங்கே குடிக்கும்? தீர்ப்பு ஆகிவிட்டது. கடப்பாரை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார்.

பச்சமுத்து யாரையும் கேட்கவில்லை. நாயை இரண்டு கையிலும் வாரி எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குள் போனான். ஆபீஸ் முழுவதிலும் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். வெறும் தரையில், வெட்டிவேர்த் தட்டிக்கு நேராக நாயைக் கிடத்தினான். கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்தான். ஆபீசர் குடிக்கிற மண்பானையை அப்படியே சாய்த்து, அடிவயிற்றில், தொடை இடுக்கில், முன்னங்கால் அக்குளில், நாலு பாதத்திலும் ஊற்றினான். சடையைக் கையால் விலக்கித் தோல் வரை நனைத்தான். கரண்ட் இல்லாததால் பங்கா நின்றிருந்தது. மேசைமேல் இருந்த ஒரு பைல் அட்டையை என் கையில் கொடுத்து, விசிறு நயினாரே, நிறுத்தாம விசிறு என்றான். என் வாழ்க்கையில் ஒரு பைலால் ஒரு உயிருக்கு நன்மை நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குள் ஆபீசே அறைக்குள் வந்துவிட்டது. நம் ஊரில் ஒருவன் விழுந்து கிடந்தால் காற்று போக இடம் விடாமல் சுற்றி நிற்பதுதான் முதல் உதவி. ஒருவர் வலிப்பு என்று சொல்லி இரும்பு பீரோவின் சாவிக்கொத்தை லைக்காவின் முன்னங்காலில் வைத்து அழுத்தினார். இன்னொருவர் சோடாக் கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து முழுசாக மேலே வைக்கப் பார்த்தார். அவ்வளவு சில்லிப்பு கூடாது, தோல் இறுகிக்கும், உள்ளே இருக்கிற சூடு வெளியே வராது என்று பச்சமுத்து தடுத்தான். ஹெட் கிளார்க் ஒரு ஈரச் சாக்கைக் கொண்டுவந்து நாயை மூடினார். பச்சமுத்து அதைப் பிடுங்கி மூலையில் எறிந்தான். ஹெட் கிளார்க் கையிலிருந்து பியூன் ஒரு பொருளைப் பிடுங்கியது எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

"மூடுனா இட்லி மாதிரி வெந்துரும் சார். ஈரமும் வேணும், காத்தும் வேணும். தட்டி எப்படி வேலை செய்யுது?"

ஹெட் கிளார்க்குக்குத் தட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. அவர் ஒரு சொம்பை எடுத்து, குறைந்தபட்சம் வாயிலாவது ஊற்றுவோம் என்று குனிந்தார். பச்சமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வாயில ஊத்தாதீங்க. நெனவு இல்லாததுக்கு வாயில ஊத்துனா மூச்சுக்குள்ள போயிரும். எங்க நைனாவுக்கு வாயிலதான் ஊத்துனாங்க."

அவனுடைய நைனா, அதாவது அப்பா, கல்லுடைக்கிறவர். ஒரு சித்திரை மத்தியானம் பாறை மேலேயே சுருண்டு விழுந்தார். சுற்றி நின்றவர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு குடம் தண்ணீரை வாயில் ஊற்றி, வெயில் விட்டு வைத்ததை அவர்கள் முடித்தார்கள். அப்போது பச்சமுத்துவுக்குப் பன்னிரண்டு வயது. பதினோரு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அன்றுதான் எனக்கு இது தெரியும். நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலில் ஆபீசரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கால்நடைகளை வெயிலில் கட்டுவது மகா பாவம், அவற்றுக்கு நிழலும் காற்றும் அவசியம் என்று உருக்கமாகப் பேசினார். கைதட்டினார்கள். டாக்டரும் அங்கேதான் கைதட்டிக்கொண்டிருந்தார். அவரை வெளியே கூப்பிட்டால் ஆபீசருக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆகவே நான் புளியமரத்தடிக்கு ஓடிக் கம்பவுண்டர் தனகோட்டியைக் கூட்டி வந்தேன்.

தனகோட்டி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். நூற்றேழு. முகம் சுருங்கிவிட்டது. இதுவரை செய்ததையே செய், நிறுத்தாதே என்றார். பச்சமுத்து ஊற்றினான், நான் விசிறினேன். கால்மணி நேரத்தில் நூற்றைந்து. பானை காலி. பச்சமுத்து கிணற்றுக்கு ஓடி இரண்டு வாளி கொண்டுவந்தான். அரைமணி கழித்து நூற்று மூன்று. இப்போ நிறுத்து, இதுக்கு மேலே ஊற்றினால் சூடு ஒரேயடியாக இறங்கி விறைத்துப்போகும் என்றார் தனகோட்டி. பச்சமுத்து தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டான். அப்போதுதான் லைக்காவின் வால் நுனி தரையில் ஒரு தட்டு தட்டியது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியது. பச்சமுத்து ஒரு கிண்ணத்தில் தண்ணீரைத் தள்ளி வைத்தான்; தானாகவே நாலு நக்கு நக்கியது. கிண்ணத்தை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பால் குடிக்கிற நாய்க்காக அழுகிறானா, தப்பிய வேலைக்காக அழுகிறானா, நைனாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

எழுந்து நடந்துவிட்டால் பிழைத்தது என்று நினைக்கக் கூடாது, உள்ளே குடல், கிட்னி எல்லாம் வெந்திருக்கும், இரண்டு நாள் கவனித்து டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார் தனகோட்டி. ஒரு பாட்டில் குளுகோஸ் தண்ணீரைத் தோலுக்கடியில் ஏற்றினார். அது முகாம் மருந்து. கணக்கில் எழுத வேண்டும். ரிஜிஸ்டரில் பசு, எருமை, கன்று, ஆடு, கோழி என்று கட்டம் இருந்தது. நாய்க்குக் கட்டம் இல்லை. தனகோட்டி கொஞ்சம் யோசித்து, லைக்காவின் பருமனை உத்தேசித்து, 'கன்று - ஒன்று' என்று எழுதினார். உரிமையாளர் பெயர்? ஆபீசர் பெயரை எழுதினால், ஆபீசரின் கன்று மீட்டிங் நேரத்தில் சர்க்கார் ஜீப்பில் என்ன செய்தது என்று கேள்வி வரும். எல்லோரும் பச்சமுத்துவைப் பார்த்தார்கள். அவன் நாயைப் பார்த்துக்கொண்டே, எதையாவது எழுதிக்கங்க என்றான்.

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தார். அறை ஈரமாக இருந்தது. லைக்கா பாய்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. ஹெட் கிளார்க் முன்னால் வந்து, வெளியே வெயிலாக இருந்ததால் குழந்தையை உள்ளே படுக்க வைத்தேன் சார் என்றார். ஆபீசர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நாய் செத்துப் பிழைத்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணியில்லாக் காடு எல்லோருக்கும் நினைவிருந்தது. டாக்டரிடம்கூட, வயிறு சரியில்லை என்று சொல்லித்தான் தனகோட்டி மறுநாள் காட்டினார். பச்சமுத்து பானையில் புதுத் தண்ணீர் நிரப்பினான். பைலில் கையெழுத்தும் விழுந்தது, மேலாபீசுக்கும் போயிற்று.

ஆடியில் பைல் திரும்பி வந்தது. மேலாபீசில் வேலை செய்ய ஆள் கிடையாது. ஆனால் ஒரு தாளை இன்னொரு தாளோடு ஒத்துப் பார்க்க மட்டும் ஆள் உண்டு. கால்நடை முகாமில் பயனடைந்தவர் பட்டியலில் பச்சமுத்துவின் பெயரை யாரோ பார்த்துவிட்டார்கள். மேற்படி ஊழியர் கன்று வளர்க்க முன் அனுமதி பெற்றாரா, பால் வியாபாரம் செய்கிறாரா, தற்போது அக்கன்று எங்கே உள்ளது என்று மூன்று கேள்வி. பதில் வரும் வரை பர்மனென்ட் கிடையாது.

ஹெட் கிளார்க், தனகோட்டி, நான், மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அது கன்று இல்லை, நாய் என்று எழுதினால் தனகோட்டிக்கு வேலை போகும். யாருடைய நாய் என்று அடுத்த கேள்வி வரும், ஜீப்பும் தார்ப்பாயும் வெளியே வரும். கன்று உயிரோடு இருக்கிறது என்றால் அனுமதி எங்கே என்பார்கள். விற்றுவிட்டான் என்றால் வியாபாரம். ஆகவே கன்று சாக வேண்டியதாயிற்று. அதுவும் அன்றைக்கே சாக வேண்டும். ஒரு நாள் தாமதித்துச் செத்தாலும் அந்த ஒரு நாளைக்கு அனுமதி கேட்பார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

'மேற்படி கன்று 14-5-63 அன்று வெயில் தாக்கி, உரிய நேரத்தில் முதலுதவி செய்யாத எனது கவனக்குறைவால் அன்றே இறந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பச்சமுத்துவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். முதலுதவி என்ற இடத்தில் விரல் நின்றது.

"இன்னா நயினாரே, நான் ஒண்ணுமே செய்யலியா?"

பர்மனென்ட் வேண்டுமானால் இதுதான் வழி என்று ஹெட் கிளார்க் சொன்னார். காத்தாயியின் முகம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டான்.

அந்தத் தாளை மேலே அனுப்ப ஆபீசர் கையெழுத்து வேண்டும். அவர் படித்துவிட்டு உண்மையாகவே வருந்தினார். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே. பச்சமுத்துவைக் கூப்பிட்டு, வாயில்லா ஜீவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றக்கூட மனசு வரவில்லையா என்று அரைமணி நேரம் ஜீவகாருண்யம் போதித்தார். பச்சமுத்து தலையைக் குனிந்து நின்றான். அவன் பாதத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டு லைக்கா படுத்திருந்தது. மே மாதத்திலிருந்தே அது அப்படித்தான். மத்தியானம் ஆனால் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி வந்து அவன் ஸ்டூலுக்கடியில் படுக்கும். அவனும் திட்டிக்கொண்டே தன் சோற்றில் ஒரு உருண்டை வைப்பான்.

ஐப்பசியில் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. கூடவே, கவனக்குறைவால் கன்றை வெயிலில் சாகவிட்டவர், கால்நடை விஷயத்தில் அக்கறையற்றவர் என்று சர்வீஸ் புத்தகத்தில் பதியச் சொல்லி ஒரு வரி. அதையும் நான்தான் பதிந்தேன். காத்தாயி எங்கள் வீட்டுக்கு ஒரு முறம் மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்து கொடுத்து, உங்களாலதான் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அதைத் தின்னவில்லை என்று சொன்னால் பொய், வறுத்துத் தின்றேன்.

அடுத்த பங்குனியில் ஆபீசருக்கு மாற்றல் வந்தது. போகிற ஊரில் மாடி வீடு, நாய் வைத்துக்கொள்ள முடியாது, யாராவது நல்லவர் கையில் கொடுக்க வேண்டும் என்று அம்மாள் அழுதார்கள். சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்போது, பதினோரு வருஷமும் பிறகும் எதையும் கேட்காத பச்சமுத்து முன்னால் வந்து, லைக்காவை நான் வெச்சுக்கட்டுங்களா என்று கேட்டான். லைக்கா அவன் வேட்டி ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அம்மாள் ஆபீசரைப் பார்த்தார்கள்.

"உன்கிட்டயா? ஒரு கன்னுக்குட்டியவே சாகக் குடுத்தவன் நீ" என்றார் ஆபீசர். அன்றைக்கு மீட்டிங் நேரத்தில் நிழலில் படுக்க வைத்தாரே, அந்த ஹெட் கிளார்க் கையில் சங்கிலியைக் கொடுத்தார்.

பச்சமுத்து என்னைப் பார்த்தான். நான் பேசியிருக்கலாம். ஆபீசர் போகப் போகிறவர், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்ற அவருக்கு இனி அதிகாரம் இல்லை. ஆனால் தனகோட்டிக்கு வேலை இருந்தது, பச்சமுத்துவுக்குப் பர்மனென்ட் இருந்தது, தாளை எழுதிய கை என்னுடையதாக இருந்தது. அவன் ஹெட் கிளார்க் பக்கம் திரும்பினான்.

"சார், வெயில்ல கட்டாதீங்க. எதுனா ஆச்சுன்னா வாயில ஊத்தாதீங்க. வயித்துல, கால் இடுக்குல ஊத்துங்க. மூடாதீங்க, விசிறுங்க."

ஆபீசர் ஜீப்பில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சவன் இதை அந்தக் கன்னுக்குச் செஞ்சிருக்கலாமேடா?"

"தப்புதாங்க ஐயா" என்றான் பச்சமுத்து. ஜீப் கிளம்பியது. ஹெட் கிளார்க் சங்கிலியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பன்னிரண்டரை மணி ஆகியிருந்தது, தட்டிக்குத் தண்ணீர் அடிக்கப் பச்சமுத்து உள்ளே போனான்.